காதை அடைத்த காய்ச்சல்

ஏற்காடு ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் இன்றைக்கும் யாராவது ஒருவர் என்னை நிறுத்தி, "ஏனுங்க, அந்த நானோ உங்க மூளைக்குள்ள பூந்துருச்சாமே, இப்ப எடுத்துட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். நின்று பதில் சொன்னால் பஸ் போய்விடும், சொல்லாமல் போனால் மனசு கேட்காது. அதனால் எழுதிவிடுகிறேன். என் மூளைக்குள் நானோ எதுவும் புகவில்லை. புகுந்தது வேறொன்று.

என் பெயர் ஷம்சாத். ஏற்காட்டில் என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், ஸ்வெட்டரும் கம்பளியும் விற்கும் கடை வைத்திருக்கிறார். நான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாலிப்டினம் சல்பைடு என்று ஒரு பொருள். பார்க்கப் பென்சில் கரி மாதிரி மினுமினுக்கும். அதன்மேல் செல்லோடேப்பை ஒட்டிப் பிய்த்தால் ஏடு ஏடாக உரியும். உரித்ததையே திரும்பத் திரும்ப உரித்தால், கடைசியில் மூன்றே அணு தடிமனுள்ள ஓர் ஏடு மிஞ்சும். தலைமுடியின் தடிமனை லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு அவ்வளவு இருக்கும். இவ்வளவு சின்ன அளவில் நடக்கிற வேலையைத்தான் நானோ என்பார்கள். அதன் இரண்டு ஓரத்திலும் தங்கத்தால் முனை வைத்தால் அது ஒரு குட்டி மின்சார சுவிட்ச். நாளைய கணினிகளும் போன்களும் இந்த மாதிரி சுவிட்சுகளால் ஓடும் என்று உலகம் முழுக்கப் பலர் இதன் பின்னால் அலைகிறார்கள்.

அலைச்சலுக்குக் காரணம் ஒரு சிக்கல். தங்கத்திலிருந்து ஏட்டுக்குள் மின்சாரம் லேசில் இறங்காது. வாசலிலேயே முரண்டு பிடிக்கும். அளந்து வரைந்தால் நேராக ஏற வேண்டிய கோடு வளைந்து நெளிந்து நிற்கும். தங்கத்துக்கு அடியில் இண்டியம் என்ற மெத்தென்ற உலோகத்தைப் பூசினால் வாசல் திறக்கும் என்பது என் நம்பிக்கை. பூசிப் பூசிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று கெட்டது. கடைசியாகச் செய்த சில்லை, அதாவது சுவிட்சுகள் பதித்த சிப்பை, அளக்கும் வேலையை என் ஜூனியர் நிவேதிதாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஆய்வேட்டை எழுதி முடிக்க ஊருக்கு வந்தேன். காப்பிப் பழம் பறிக்கிற பருவம் அது.

வீட்டில் எழுத முடியவில்லை. சுற்றுலாக் கூட்டம் இருந்தால் கடையும் வீடும் ஒன்றுதான். அதனால் பக்கத்து ஊரான நாகலூரில் காதர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வைத்திருக்கும் சின்னக் காப்பித் தோட்டத்துக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். நான் சவுக்கு மரத்தடிப் புல்லில் சாய்ந்து எழுதுவேன். இதமான வெயில், மிளகுக் கொடி வாசனை, கேட்டுக்கொண்டே இருக்கிற பேச்சுச் சத்தம். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எழுதியதே இல்லை.

காய்ச்சல் வந்தபோது குளிரால் வந்தது என்று நினைத்தோம். ஏற்காட்டில் மாத்திரை வாங்கினோம். காய்ச்சல் இறங்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து சுத்தியலால் அடிப்பது மாதிரி தலைவலி. டைபாய்டாக இருக்கலாம் என்று மாத்திரையை மாற்றினார்கள். அதற்கும் அசையவில்லை.

பிறகு ஒரு காலையில் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் குக்கர். அதன் வெயிட் மேலே எழும்பி ஆவி சீறுவதைப் பார்க்கிறேன். விசில் சத்தம் வரவில்லை. குக்கர் கெட்டுப்போச்சு என்றுதான் முதலில் தோன்றியது. அம்மாவிடம் சொல்லத் திரும்பினால், அம்மா என்னைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருக்கிறாள். அதிலும் சத்தம் இல்லை.

"அம்மா, எனக்குக் காது கேக்கல" என்றேன். அதைச் சொன்ன என் குரலும் எனக்குக் கேட்கவில்லை. நான் கத்தினேன் என்று பிறகுதான் சொன்னார்கள். கடையிலிருந்து அத்தா செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

அண்ணன் அன்சாரி காரை எடுத்தான். மலையிறங்கிச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

முதல் சோதனை காதுக்கு. ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நான் காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எதையோ கூட்டிக்கொண்டே போனது தெரிந்தது. என் கட்டைவிரல் பொத்தான் மேலேயே கிடந்தது. அந்தப் பெண்ணின் முகம் மெல்ல மாறியதைப் பார்த்தேன். காதின் ஓட்டையும் ஜவ்வும் நன்றாக இருக்கின்றன, உள்ளே செய்தி கொண்டுபோகிற நரம்பு வேலை செய்யவில்லை என்று எழுதிக் காட்டினார்கள்.

அடுத்து ஸ்கேன். அதற்கடுத்து முதுகில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரை எடுத்தார்கள். இறால் மாதிரி சுருண்டு படுக்கச் சொன்னார்கள். பயந்த அளவு வலி இல்லை. அந்த நீரில் இருக்கக் கூடாத அளவுக்கு வெள்ளணுக்கள் இருந்தன. மூளை உறையில் அழற்சி, எதனால் என்று தெரியவில்லை.

"பொண்ணு என்ன வேலை பாக்குறாங்க?" என்று டாக்டர் அன்சாரியிடம் கேட்டிருக்கிறார். நான் செய்கிற எல்லாவற்றையும் அவன் தனக்குத் தெரிந்த அளவில் சொல்லியிருக்கிறான். நானோ, அணு, ஆசிட், உலோகம். டாக்டர் நிதானமானவர். ஆனால் அவர் என்ன செய்வார்? இளம்பெண், காரணம் தெரியாத காய்ச்சல், திடீரென்று செவிடு, வேலை செய்யும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள். விஷ உலோகங்களுக்கான சோதனைக்கு ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்.

அன்று சாயந்தரத்துக்குள் நானோ என்ற அந்த வார்த்தை மலையேறிவிட்டது. ஏற்காட்டில் பாதிப்பேருக்கு என் மூளையில் நானோ இருப்பது தெரிந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் நானும் பாதி நம்பினேன். காய்ச்சலில் கிடந்தபடி, எந்த நாளில் கையுறை கிழிந்தது, எப்போது முகமூடியைக் கழற்றினேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பேராசிரியர் மாலதி, என் வழிகாட்டி, அத்தாவுக்குப் போன் செய்து பொறுமையாக விளக்கியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் நான் உரித்த ஏடுகளை எல்லாம் சேர்த்தாலும் ஒரு கடுகு அளவு வராது, அந்த அறையில் வேலை செய்யும் மற்றவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று.

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கிறார் அத்தா.

பிறகு என் கட்டிலுக்கு வந்தார். அன்சாரி போனில் ஒரு வசதி வைத்திருந்தான். பேசினால் அது எழுத்தாக மாற்றித் திரையில் காட்டும். அத்தா அதை வாய்க்கு அருகில் பிடித்து எதையோ சொன்னார். திரையைத் திருப்பிக் காட்டினார்.

"அந்த வேலை இனி வேண்டாம் கண்ணு. நீ உசுரோட இருந்தா போதும்."

அந்தப் போன் ஒரு பிழைகூட இல்லாமல் எழுதிய வாக்கியம் அது ஒன்றுதான். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மற்ற எல்லாவற்றையும் அந்தப் போன் கொலை செய்தது. அம்மா, "நொம்ப பயந்துட்டோம் கண்ணு, ஊட்டுல எல்லாரும் துவா செய்யறாங்க" என்றால், "நம்பர் பயந்துட்டோம் கண்ணு, ஊட்டில எல்லாரும் தூவ செய்றாங்க" என்று வரும். வீட்டில் எல்லோரும் எனக்காக வேண்டிக்கொண்டிருக்க, ஊட்டியில் எதைத் தூவுகிறார்கள் என்று கேட்டு நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று புரியாமல் அம்மா அழுதாள். புரிந்ததும் அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அன்சாரி வேண்டுமென்றே தப்பாக எழுத வைத்து எனக்குக் காட்ட ஆரம்பித்தான்.

அத்தா கடையிலிருந்து கம்பளி சாக்ஸ் கொண்டுவந்தார். சேலத்து வெக்கையில் வார்டே விசிறிக்கொண்டிருக்க, குளிர்க்காய்ச்சலில் நடுங்கிய என் கால்களுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிவிட்டார். செலவைப் பற்றி யாரும் என் எதிரில் மூச்சுவிடவில்லை. காதர் மாமா வரும்போதெல்லாம் நேராக பில் கட்டும் இடத்துக்குப் போய்விட்டுத்தான் என்னைப் பார்க்க வருவார் என்று ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

ஆனால் நான் மோசமாகிக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்தன. மூச்சு வாங்கியது. அம்மாவை மாமி என்று கூப்பிட்டேனாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு நடந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், இன்னொரு கருத்து கேட்கலாம் என்று சொல்லி, தொற்றுநோய்களைப் பார்க்கும் டாக்டர் கலைவாணியை அழைத்துவந்தார்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். சின்ன உருவம், கழுத்தில் கண்ணாடி தொங்கும். என் பழைய ரிப்போர்ட்டுகளைக் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு மூடி வைத்தார். அன்சாரியின் போனை வாங்கித் தானே டைப் செய்து என்னிடம் நீட்டினார்.

"ஆராய்ச்சிக்கூடம் இருக்கட்டும். காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு வாரம் எங்கெங்க இருந்தீங்க?"

"ஏற்காட்ல. வீட்ல."

"வீட்டுக்குள்ளயேவா?"

"நாகலூர்ல, மாமா தோட்டத்துல உக்காந்து எழுதினேன்."

"எதுல உக்காந்தீங்க?"

"புல்லுல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆண்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். திரையை இழுத்துவிட்டு, நர்ஸையும் அம்மாவையும் உடன் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தார். முடியை வகிர்ந்து வகிர்ந்து மண்டையைப் பார்த்தார். காதுக்குப் பின்னால், அக்குளில், இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடத்தில், முழங்காலுக்குப் பின்புறம். எதுவும் இல்லை. அத்தனை நாளும் என்னைப் பார்த்தவர்கள் உடையை விலக்காமலேயே பார்த்தார்கள். நானும் அதையேதான் விரும்பினேன். அவர் என் கண்ணைப் பார்த்து, தலையசைத்து அனுமதி கேட்டு, சட்டையை விலக்கினார்.

இடது மார்பின் அடி மடிப்பில் அது இருந்தது. கறுப்பாக, வட்டமாக, சுற்றிலும் சிவப்பு வளையத்தோடு, சிகரெட்டால் சுட்ட வடு மாதிரி. வலிக்கவில்லை, அரிக்கவில்லை. அதனால் எனக்கே தெரியவில்லை. டாக்டர் கலைவாணி நிமிர்ந்து சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். புதையல் எடுத்தவர் மாதிரி சிரித்தார். போனில் எழுதினார்.

"உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ். இது அந்த உண்ணிக் குஞ்சு கடிச்ச இடம். மருந்து இருக்கு. நல்லாயிருவீங்க."

அதைப் பற்றிப் பிறகு அவர் விளக்கியதைச் சொல்கிறேன். புல்லிலும் புதரிலும் ஒரு வகை உண்ணிப் பூச்சி இருக்கிறது. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு புள்ளி. அது உடம்பில் ஏறி, துணி இறுக்கமாக இருக்கிற மடிப்பான இடம் தேடிப்போய்க் கடிக்கும். கடிக்கும்போது அதனிடமிருக்கும் கிருமி உள்ளே போகும். போனது நம் செல்களுக்கு உள்ளேயே குடியேறிக்கொள்வதால், மற்ற காய்ச்சல்களுக்குப் போடுகிற பல ஊசிகள் அதை ஒன்றும் செய்யாது. பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சலும் தலைவலியும் உடம்புவலியுமாக வரும். காது நரம்பைத் தாக்குவது அபூர்வம். அபூர்வமாக வந்ததால்தான் என் காய்ச்சல் எல்லோரையும் காதுப்பக்கமும் ஆராய்ச்சிக்கூடத்துப் பக்கமும் திருப்பிவிட்டது.

ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளின் என்ற மருந்தை ஆரம்பித்தார்கள். ரொம்பப் பழைய, எங்கும் கிடைக்கிற மருந்து. முதலில் பார்த்த டாக்டரும் வந்து அந்த வடுவைப் பார்க்க என்னிடம் அனுமதி கேட்டார். பார்த்துவிட்டு அத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் முகத்தில் இருந்த நிம்மதி எங்கள் வீட்டு ஆளின் நிம்மதி மாதிரி இருந்தது.

இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. உடம்பெல்லாம் வியர்த்து, போர்வையை உதைத்துத் தள்ளி, நான் கேட்ட முதல் பொருள் மிளகாய் பஜ்ஜி. ஏற்காடு ஏரிக்கரையில் போடுவார்களே, அது. "ஏஞ்சாமி, கஞ்சி குடிக்காம பஜ்ஜியா?" என்று நர்ஸ் திட்டியதாக அன்சாரி மொழிபெயர்த்தான். அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகையா சிரிப்பா என்று சத்தம் இல்லாமல் கண்டுபிடிக்க முடியவில்லை. சோதனை முடிவும் உண்ணிக் காய்ச்சல் என்றே வந்தது. வெளியூர் போன உலோகச் சோதனையில் விஷம் எதுவும் இல்லை.

காது மட்டும் திறக்கவில்லை. பொறுத்திருங்கள், வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அந்தப் பொறுத்திருத்தலின் நடுவே நிவேதிதாவிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும். நான் விட்டுவந்த சில்லை அளந்து வரைந்த கோடு. வளைவே இல்லை. நெளிவு இல்லை. கீழிருந்து மேலே, ஸ்கேல் வைத்துக் கிழித்தது மாதிரி நேராக ஏறியது. மின்சாரம் வாசலில் நிற்காமல் உள்ளே போயிருந்தது. எத்தனை சில்லுகள் கெட்டுப்போன பிறகு! நான் போட்ட கூச்சலில் நர்ஸ் ஊசியோடு ஓடிவந்துவிட்டாள்.

அத்தா கட்டிலருகே இருந்தார். போனை அவரிடம் காட்டினேன். முன்பு வந்த வளைந்த கோடுகளையும் தள்ளித் தள்ளிக் காட்டினேன். அன்சாரி விளக்க முயன்றான். அத்தா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனை வாய்க்கருகே வைத்துப் பேசித் திருப்பினார். தப்புத் தப்பாக வந்ததை நானே சரியாக்கிப் படித்தேன்.

"நம்ம ஊரு கொண்டை ஊசி ரோடு மாதிரி இருந்ததை நேர் ரோடாப் போட்டுட்டியா?"

"ஆமாங்க அத்தா."

"இதுக்கும் உன் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லையா?"

"துளிகூட இல்லைங்க."

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் பேராசிரியருக்கு அவரே போன் செய்து, முன்பு போனை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, "புள்ளைக்கு லீவு எவ்வளவு நாள் தருவீங்க?" என்று விசாரித்திருக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மலைப்பாதையின் ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. அடிவயிற்றில் ஒரு அதிர்வு மாதிரி ஏதோ உணர்ந்தேன். அதிர்வு இல்லை. ஹாரன்! கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது மாதிரி, ஆனால் சத்தம். "ஹாரன் அடிச்சான்! ஹாரன் அடிச்சான்!" என்று நான் அன்சாரியின் தோளை உலுக்க, அவன் காரை ஓரங்கட்டிவிட்டு, தன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் பதிலுக்கு அடித்தார்கள். அவர்கள் திட்டி அடித்திருப்பார்கள். எனக்கு அது கல்யாண மேளம்.

தடித்த சத்தங்கள் முதலில் வந்தன. பிறகு அம்மாவின் குரல், பிறகு அவள் வளையல். பள்ளிவாசல் பாங்கு ஒலி ஒரு நாள் முழுசாகக் கேட்டபோது வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சேலத்தில் மறுபடி அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்தபோது, நான் பொத்தானை அழுத்திய வேகத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் கைதட்டினாள். இடது காதில் கீச்சுச் சத்தங்கள் மட்டும் இன்னும் சரியாகக் கேட்பதில்லை. கொசு பறந்தால் எனக்குத் தெரியாது. அது நஷ்டமா என்று தெரியவில்லை.

டாக்டர் கலைவாணி சும்மா இருக்கவில்லை. நாகலூர் விவரத்தை சுகாதாரத் துறைக்குச் சொன்னார். அவர்கள் தோட்டங்களுக்கு வந்து, புல்லில் வெறுமனே உட்காராதீர்கள், வேலை முடிந்ததும் குளித்துத் துணி மாற்றுங்கள், காய்ச்சல் வந்தால் கறுப்பு வடு இருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு மாமா தோட்டத்தில் பழம் பறிக்கும் ராணியக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மாமி தேடிப்பார்த்து முழங்கால் மடிப்பில் வடுவைக் கண்டுபிடித்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஏற்காட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். சேலம்வரை போகவே இல்லை. அடுத்த வாரம் ராணியக்கா கூடையோடு வந்து நின்று, "ஷம்சாத் காய்ச்சல் எனக்கு வந்துட்டுப் போச்சுங்க" என்றாராம். என் பெயரில் இதுவரை இருப்பது அந்தக் காய்ச்சல் ஒன்றுதான்.

அந்த நேர்கோடு ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமானது. வாய்மொழித் தேர்வுக்குக் குடும்பமே பெங்களூர் வந்தது. அத்தா மட்டும் கூட்டத்துக்கு நடுவே உட்காராமல் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். நான் பேசி முடித்தேன். கேள்வி நேரம். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர். அவரும் பின்வரிசையில்தான் இருந்தார். மைக்கை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு மெல்லிய குரலில் ஆரம்பித்தார். எனக்காகக் கேள்விகளை டைப் செய்து காட்டுவதாக ஏற்பாடு. நிவேதிதா போனோடு எழுந்தாள். நான் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னேன்.

கேள்வி நீளமானது. வாசல் திறந்ததற்கு இண்டியம்தான் காரணம் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய், வேறு காரணம் இருக்கலாமே என்பது அதன் சாரம். சரியான காரணத்தைத் தப்பான இடத்தில் தேடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாற்றுக் காரணமாக எடுத்து, சோதித்து, ஏன் அது இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் தலையசைத்து எழுந்து நின்று கைதட்டினார்.

எல்லாம் முடிந்து வெளியே டீ குடிக்கும்போது, "புரிஞ்சுதுங்களா அத்தா?" என்று கேட்டேன்.

"ஒரு எழுத்துகூடப் புரியல கண்ணு" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் இடது காதைத் தொட்டார். "ஆனா அந்தப் பெரியவரு வாய்க்குள்ளயே பேசுனாரு. பக்கத்து சேர்ல இருந்த எனக்கே சரியாக் கேக்கல. மேடையில நின்னுட்டிருந்த உனக்குக் கேட்டுச்சு பாரு!"